ஒண்ணாம் வகுப்பு ரூமை ஜூன் 2க்குள்ள எப்படித் தயார் பண்றது? சுவர் முழுக்க சார்ட் ஒட்டணுமா?

கேள்வி – புது டீச்சர், தேவகோட்டை பக்கம்
மே 14, 2025

போன வருஷக் கடைசியிலதான் வேலையில சேர்ந்தேன். இந்த வருஷம் ஒண்ணும் ரெண்டும் சேர்த்து என் கையில. ஜூன் 2 ஸ்கூல் திறக்குது, ரூம் வெறிச்சுன்னு கெடக்கு. பெயிண்டர் ஒருத்தர் நாலு சுவர்லயும் கார்ட்டூன் வரைஞ்சு குடுக்க பதினஞ்சாயிரம் கேக்குறாரு, அது போக சார்ட்டு, தெர்மாகோல், ஜிகினா பேப்பர்னு ஒரு லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன். சுவர் நிறைஞ்சு இருந்தாத்தான் பிள்ளைக அழுகாம ஆசையா வரும்னு நினைக்கிறேன். சீனியர் டீச்சருங்க சொல்லுங்க, இன்னும் என்னென்ன வாங்கணும்?

செம்மண் டீச்சர், காரைக்குடி பக்கம்
மே 14, ராத்திரி

லிஸ்ட்டை மடிச்சு வச்சிருமா. பெயிண்டர்கிட்ட ஒரு வாரம் கழிச்சு சொல்றேன்னு சொல்லிரு.

நாளைக்குக் காலையில ஒம்பதரை மணிவாக்குல ரூமைத் தொறந்து, பாயை விரிச்சு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எங்க உக்காருமோ அங்க தரையில உக்காரு. உக்காந்துக்கிட்டு போர்டைப் பாரு, ஜன்னலைப் பாரு, வாசலைப் பாரு. நம்ம நின்னுக்கிட்டு பாக்குற ரூம் வேற, நாலடி கூட இல்லாத பிள்ளை சம்மணம் போட்டு பாக்குற ரூம் வேற. நம்ம கண்ணுக்கு நேரா ஒட்டுற சார்ட்டு அதுக்கு அண்ணாந்தாத்தான் தெரியும். நான் வருஷா வருஷம் இப்படி உக்காந்துதான் ஆரம்பிக்கிறேன். என்ன தெரிஞ்சுதுன்னு எழுது, பெறவு பேசலாம்.

மே 15

"உக்காந்து பாத்தா போர்டுல பாதி பளபளன்னு வெளிச்சம்தான் அடிக்குது, எழுத்தே தெரியல, நின்னா நல்லாத் தெரியுது"ன்னு எழுதியிருக்க. அதான்மா விஷயம். எதிர் ஜன்னல் வெளிச்சம் போர்டுல பட்டுத் திரும்புது. கெழக்குப் பக்க ஜன்னலை மட்டும் பத்து மணி வரைக்கும் பாதி சாத்தி வை, பாயைக் கொஞ்சம் சாய்வாப் போடு. காசு செலவே இல்ல.

இப்ப சுவர். ஒரு ஆராய்ச்சி இருக்கு, டயட்ல (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) ஒரு பயிற்சியில சொன்னாக, பெறவு நானே தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2014ல வெளியிட்டது. 24 சின்னப் பிள்ளைக, நம்ம யூகேஜி வயசு. சில பாடத்தை சுவர் முழுக்க படம், சார்ட்டு நிறைஞ்ச ரூம்ல நடத்தியிருக்காக, சில பாடத்தை ஒண்ணுமே இல்லாத ரூம்ல. நிறைஞ்ச ரூம்ல பிள்ளைக கவனம் பாடத்தை விட்டு வெளிய போன நேரம் 38.6 சதவீதம், வெறும் ரூம்ல 28.4. பாடம் முடிஞ்சு கேட்ட கேள்விக்கும் வெறும் ரூம்லதான் கூடுதலா சரியாச் சொல்லியிருக்காக. 24 பிள்ளைங்கிறது சின்ன எண்ணிக்கைதான், நம்ம ஊர்ல செஞ்சதும் இல்ல. ஆனா நான் வகுப்புல கண்ணால பாக்குறதோட அப்படியே ஒத்துப் போகுது. நம்ம 'ப'வுக்கு வாயைத் தொறந்தா, பிள்ளை பின்னாடி சுவத்துல இருக்கிற யானையோட வாலை எண்ணிக்கிட்டு இருக்கும்.

அதுக்காக சுவரை மொட்டையா விடுன்னு சொல்லல. என்ன இருக்கணும்னா: அந்த வாரம் நடத்துற எழுத்து, ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் எண்கோடு, பிள்ளைக பேரு, இன்னைக்கு என்ன கிழமை என்ன தேதிங்கிற பலகை. அம்புட்டுத்தான். மிச்ச இடம் எல்லாம் பிள்ளைகளுக்கு. அது வரையும், ஒட்டும், கிழிக்கும், திரும்ப ஒட்டும். ஜூன்ல காலியா இருக்கிற சுவர் ஆகஸ்ட்ல அதுக வேலையாலயே நிறைஞ்சிரும், அப்ப எந்தப் பிள்ளையும் அதைப் பாக்காமப் போகாது, ஏன்னா அது அதோடது.

இது ஒண்ணும் புதுசு இல்ல. பிள்ளை தானே அட்டையை எடுத்துச் செஞ்சு படிக்கிற செயல்வழிக் கற்றல் முறை வந்தப்ப (சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல 2003ல ஆரம்பிச்சு 2007-08ல தமிழ்நாடு முழுக்க வந்துச்சு) ரூமோட அமைப்பே இதைத்தான் சொல்லுச்சு. சுவரைச் சுத்தித் தரையோட ஒட்டி கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேல கம்பிப் பந்தல். பந்தல்ல டீச்சர் வரைஞ்சது தொங்காது, பிள்ளை வரைஞ்சதுதான் தொங்கும். அந்த அட்டை, பிள்ளை படிப்படியா ஏறுற ஏணிப்படி அட்டவணை எல்லாம் போயிருச்சு, ஆனா கீழ்ப் போர்டு, பந்தல் இந்த ரெண்டையும் எந்தத் திட்டம் வந்தாலும் விடக்கூடாதுங்கிறது என் கட்சி.

மே 17

பள்ளத்தூர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காக, அவுக ஸ்கூல் நிதியுதவிப் பள்ளி, ஐயாமாரு காலத்துல வீடா கட்டுன கட்டடம், சுவத்துல எதுவும் ஒட்ட மாட்டேங்குது, ஆணி அடிக்க நிர்வாகம் விடலைன்னு.

நிர்வாகம் சொல்றது சரிதான்க்கா. தயவு செஞ்சு ஆணி அடிச்சுராதீங்க. நானும் ஒரு பழைய கட்டடத்துல கொஞ்ச வருஷம் வேலை பாத்திருக்கேன். அந்தச் சுவர் சுண்ணாம்பை அரைச்சு, வெள்ளைக்கருவைச் சேத்து, அடுக்கு அடுக்கா இழைச்சு மெருகு ஏத்துனது. கை வச்சா கண்ணாடி மாதிரி வழுவழுன்னு சில்லுன்னு இருக்கும். ஒரு ஆணி எறங்குச்சுன்னா அந்த இடத்துல நூல் மாதிரி விரியும், ரெண்டு மழை பாத்தா உள்ளங்கை அகலத்துக்கு பெயர்ந்து விழும். அதைத் திரும்பச் செய்ய இன்னைக்கு கொத்தனார் தேடி அலையணும், கூலி தனி. செலோடேப்பும் வேணாம், பழைய சுவருக்கு மேல பிற்காலத்துல அடிச்ச வெள்ளையை ஒட்டுக்கா உரிச்சுக்கிட்டு வந்துரும்.

வழி என்னன்னா, கயிறு. அந்தக் கட்டடத்துல தூண் இருக்கும், முற்றத்தைச் சுத்தித் தூண்தானே. தூணுக்குத் தூண் பருத்திக் கயிறு, பிள்ளை கையைத் தூக்குனா எட்டுற உசரம். துணி காயப்போடுற மரக் கிளிப்பு ஒரு டஜன். அதுல பிள்ளையே தன் படத்தை மாட்டும், எடுக்கும். நைலான் கயிறு வேணாம், தொய்ஞ்சுரும், கழுத்துல பட்டா அறுக்கும். கயிறு நடக்குற பாதைக்குக் குறுக்க வராம சுவர் ஓரமாவே போகட்டும், ஓடி வர்ற பிள்ளைக்கு கண் மட்டத்துல கயிறு இருந்தா ஆபத்து. இதை முக்கியமா கவனிங்க.

இன்னொண்ணு, பட்டாலை (செட்டிநாட்டு வீட்டுப் பெரிய கூடம்) மாதிரி பெரிய எடம் கெடச்சா உள் ரூமை விட அங்கயே வகுப்பை வைங்க. முற்றத்து வெளிச்சம் நேரா வரும், ஓட்டுக் கூரை உசரம், மே ஜூன் வெக்கையில அதை விட நல்ல வகுப்பறை கான்கிரீட் கட்டடத்துல கெடைக்காது. உள் ரூம் இருட்டு, லைட்டு போட்டும் பத்தாது.

மே 18

மேல ஒருத்தர் "வெள்ளைக்கரு மட்டும் பூசுனா வந்துரும்"ங்கிற மாதிரி எழுதியிருக்காரு, ரிப்பேருக்கு யோசனை. வராது சார். அடியில சுண்ணாம்புக் காரை நல்லாப் புளிச்சிருக்கணும், அதுக்கு மேல நைசா அரைச்ச சுண்ணாம்பு, கடைசியிலதான் வெள்ளைக்கரு சேர்ற மெருகு. முட்டையை மட்டும் பூசுனா எறும்புதான் வரும். தலைப்பை விட்டு வெலகிப் போகுது, இதோட நிறுத்திக்கிறேன்.

மே 20

இன்னைக்கு ஸ்கூலைத் தொறந்து தூசி தட்டுனோம். நானு, ஹெட்மாஸ்டர், சத்துணவு அக்கா, அவுக மகன். பள்ளி மேலாண்மைக் குழுவுல இருந்தும் ரெண்டு அம்மாமாரு வந்தாக. லீவுல பூட்டிக் கெடந்த ரூம்ல என்னென்ன இருக்கும்னு தெரியாம சார்ட் வாங்கப் போறது வீண், அதனால இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

நம்ம பக்கம் செம்மண் புழுதி. கூட்டுனா பறந்து திரும்ப அங்கயே உக்காரும். முதல்ல மேல இருந்து ஒட்டடை, ஃபேன் றெக்கை, அப்புறம் ஜன்னல் கம்பி, கடைசியிலதான் தரை. தண்ணியத் தெளிச்சுட்டுக் கூட்டுங்க. ஃபேன் றெக்கையைத் துடைக்காம சுவிச்சைப் போட்டா லீவுல சேந்த புழுதி எல்லாம் தலையில கொட்டும்.

கரையான். செம்மண் பூமியில இது பெரிய தலைவலி. அலமாரி சுவத்தை ஒட்டி இருந்தா பின்னாடி மண் கோடு ஏறியிருக்கான்னு பாருங்க. எங்க ரூம்ல கதைப் புத்தகப் பொட்டிக்கு அடியில ஏறியிருந்துச்சு, மேல பாத்தா அட்டை அழகா இருக்கு, தூக்குனா உள்ள பக்கமே இல்ல, மண்ணுதான் கொட்டுது. நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படிநிலையில வந்த சின்னப் புத்தகம் மேல் தட்டுல இருந்ததால தப்பிச்சுச்சு. அலமாரியை சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, அடியில நாலு செங்கல். புத்தகத்தை தரையில அடுக்கவே கூடாது. காஞ்ச வேப்பிலை பூச்சிக்கு ஓரளவு ஆகும், கரையானுக்கு ஆகாது.

குளவி. சின்ன மண் குளவி சாவித் துவாரம், பிளக்குப் பாயிண்ட்டு ஓட்டைன்னு அடைச்சு வச்சிருக்கும், பிளக்கைத் திணிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க, எலெக்ட்ரீசியனை வச்சு மெயினை நிறுத்திட்டு சுத்தம் பண்ணுங்க. பெரிய கதண்டுக் கூடு மரத்துலயோ சன்ஷேடு அடியிலயோ இருந்தா யாரும் கம்பு எடுக்கக் கூடாது, தீப்பந்தமும் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னா வந்து எடுத்துக் குடுப்பாக.

தண்ணித் தொட்டி. உள்ள எறங்கித் தேய்ச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, முதல் தண்ணியை எல்லாக் குழாயையும் தொறந்து விட்டு வெளிய விட்டுருங்க. குழாயில நின்ன பழைய தண்ணி பழுப்பா வரும், அதைப் பிள்ளை குடிக்கக் கூடாது.

கக்கூஸ். இதை எழுத யாரும் யோசிக்கிறதே இல்ல. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை பாதி நாள் அழுகுறது அம்மாவைத் தேடி இல்ல, அடக்கிக்கிட்டு. உள்ள போய் நீங்களே கதவைச் சாத்திப் பாருங்க. தாப்பா எட்டுற உசரத்துல இருக்கா, உள்ள மாட்டிக்கிட்டா வெளிய இருந்து தொறக்க முடியுமா, பக்கெட்டு அந்தப் பிள்ளை தூக்குற கனத்துல இருக்கா, மக்கு இருக்கா, வெளிச்சம் இருக்கா. எங்க ஸ்கூல்ல மேல் தாப்பாவைக் கழட்டிட்டு கீழ ஒரு கொக்கி போட்டோம். கொக்கியும் திருகும் சேர்த்து ஒரு டீக்காசு. கார்ட்டூன் சுவருக்கு முந்தி இது.

மே 21

போர்டு. பெயிண்டர் விஷயத்துக்கு இங்கதான் பதில்.

அவரைக் கூப்பிடுமா, ஆனா கார்ட்டூனுக்கு இல்ல. தரையில இருந்து ஒரு மூணடி உசரத்துக்கு மூணு சுவத்துலயும் சுத்தி கரும்பலகை பெயிண்ட் அடிக்கச் சொல்லு, ரெண்டு கோட்டு. அதுக்கு மேல வெளிர் நெறம் ஏதாச்சும். பதினஞ்சாயிரத்துல ரொம்பக் கொஞ்சம்தான் ஆகும், அளவைச் சொல்லி கேளு. காஞ்சதும் கோடு போட்டு பிள்ளைக்கு ஒரு கட்டம்னு பிரிச்சு, மேல பேரை எழுதிரு. அந்தக் கட்டம் வருஷம் முழுக்க அதுக்குத்தான். காலையில வந்ததும் பையை வச்சிட்டு நேரா தன் கட்டத்துக்குப் போய் கிறுக்கும். அழுகைக்கு இதை விட மருந்து நான் பாக்கல.

புதுசா அடிச்ச போர்டுல சாக்பீஸ் வழுக்கும், இல்லைன்னா முதல்ல எழுதுனது அழிச்சாலும் நிழல் மாதிரி நிக்கும். எழுதுறதுக்கு முன்னாடி ஒரு சாக்பீஸைப் படுக்கப் போட்டு போர்டு முழுக்க தேய்ச்சு வெள்ளை ஆக்கி, காஞ்ச துணியால தொடைச்சிருங்க. அப்புறம் எழுதுனா பிடிக்கும். எங்க அம்மா படிச்ச காலத்துல சனிக்கிழமை சனிக்கிழமை கோவை இலையும் அடுப்புக்கரியும் சேத்து அரைச்சுப் பிள்ளைகளே போர்டுக்குப் பூசுவாகளாம், கையெல்லாம் பச்சையும் கறுப்புமா வீட்டுக்கு வந்து திட்டு வாங்குவாகளாம். மர போர்டு இருக்கிற எடத்துல இன்னமும் செய்யலாம், பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம்.

மே 23

ஒருத்தர் "பேரை எழுதி ஒட்டுங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க, பிள்ளைக்குத்தான் படிக்கத் தெரியாதே"ன்னு கேட்டிருக்காக. படிக்கத் தெரியாததாலதான் பேரை ஒட்டுறோம். ஒரு பிள்ளை முதல்ல படிக்கிற சொல்லு அதோட பேராத்தான் இருக்கணும். அதுல ஆசை இருக்கு.

ஆனா ஒண்ணு சேர்க்கணும். நம்ம பக்கம் வீட்டுல பிள்ளையை யாரு சர்ட்டிபிகேட் பேரைச் சொல்லிக் கூப்பிடுறா? பாப்பா, தம்பி, குட்டி, சாமி, ஆத்தா. அப்பத்தா பேரை வச்சிருந்தா மருமக வாயால அந்தப் பேரைச் சொல்லவே மாட்டா. ஒரு வருஷம் ஒரு பொண்ணு, நான் ரெஜிஸ்டரைப் பாத்து பேரைக் கூப்பிடக் கூப்பிட திரும்பிப் பாக்கவே இல்ல, காது கேக்கலையோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம். மத்தியானம் அவுக ஆயா சோத்து நேரத்துல எட்டிப் பாக்க வந்து "ஏத்தா சின்னக்குட்டீ"ன்னு ஒரு சத்தம் போட்டாக பாருங்க, துள்ளி எந்திரிச்சு ஓடுச்சு. அந்தப் பிள்ளைக்கு தன் பேரு என்னன்னே தெரியாது, சின்னக்குட்டிதான் அது.

அதனால அட்மிஷன் லிஸ்ட்டு கையில இருக்குமில்ல (இந்த வருஷம் மார்ச் 1லயே சேர்க்கை ஆரம்பிச்சாச்சு), ஒரு சாயங்காலம் வீட்டு வாசலுக்குப் போய்ட்டு வந்துருங்க. மூணு கேள்வி போதும். வீட்டுல என்னன்னு கூப்பிடுவீக, எந்தக் கையில சாப்பிடும் எழுதும், எதுக்குப் பயப்படும். திண்ணையில உக்காந்து ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு வந்தா முதல் நாள் அந்தப் பிள்ளை நம்மளை ஏற்கெனவே பாத்த முகமா நினைக்கும். முதல் வாரம் ரெண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுங்க, வீட்டுப் பேரு முன்னாடி, ரெஜிஸ்டர் பேரு பின்னாடி. ரெண்டாவது வாரத்துல அதுவே மாறிக்கும்.

இடது கை எழுதுற பிள்ளையை வரிசையோட இடது ஓரத்துல உக்கார வைங்க, பக்கத்துப் பிள்ளையோட முழங்கை இடிக்காது. கையை மாத்தச் சொல்லி யாரும் மிரட்டக் கூடாது, வீட்டுல சொன்னாலும்.

மே 25

சாமான் என்ன வாங்கணும்னு ஆரம்பத்துலயே கேட்டியே தங்கச்சி, எண்ணுறதுக்குப் பொருள் வேணும், அதுக்குக் கடைக்குப் போக வேணாம். புளியங்கொட்டை. எந்த வீட்டுல கேட்டாலும் அள்ளிக் குடுப்பாக. கழுவிக் காயவச்சு, ஒரு பக்கத்தைக் கல்லுல தேய்ச்சு வெள்ளையாக்கிட்டா ஒரே கொட்டை ரெண்டு வேலைக்கு ஆகும், தாயம் மாதிரி உருட்டி வெள்ளை எத்தனை கறுப்பு எத்தனைன்னு கூட்டல் பண்ணலாம். ஐஸ் குச்சியைப் பத்துப் பத்தா ரப்பர் போட்டுக் கட்டி வச்சா அதுதான் பத்துக்கட்டு.

குன்றிமணி மட்டும் வேணவே வேணாம். செகப்பும் கறுப்புமா அழகா இருக்குன்னு சில பேரு சேத்து வச்சிருக்காக, பல்லாங்குழிக்கும் போடுறாக. அதுக்குள்ள இருக்கிறது கடும் விஷம், கடிச்சு மென்னு உள்ள போனா உயிருக்கே ஆபத்து. மேல் தோல் கெட்டியா இருக்கிறதால முழுசா முழுங்குனா தப்பிக்கலாம்னு சொல்லுவாக, பல்லு முளைக்கிற வயசுப் பிள்ளை கடிக்காதுன்னு யாரு உத்தரவாதம் குடுக்கிறது? ரூம்ல இருந்தா இன்னைக்கே எடுத்துருங்க. கொட்டை எதுவா இருந்தாலும் மூக்குல காதுல போட்டுக்கிறதும் உண்டு, அதனால டீச்சர் பக்கத்துல இருக்கும்போது மட்டும் எடுக்கணும், வேலை முடிஞ்சதும் எண்ணித் திரும்ப வாங்கணும். எண்ணித் தர்றதே ஒரு கணக்குப் பாடம்தான்.

போட்டு வைக்க பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலா நான் கொட்டான் வச்சிருக்கேன். பனை ஓலையில மொடையிற நம்ம செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. சாயம் போட்டு வேலைப்பாடு செஞ்ச விசேஷக் கொட்டான் விலை ஜாஸ்தி, அது வேணாம், சாதா ஓலைக் கொட்டான் சொல்லி மொடைஞ்சு வாங்கலாம். கீழ விழுந்தாலும் உடையாது, ஓரம் கிழிக்காது, சத்தம் இல்ல. நாப்பது பிள்ளை இருக்கிற ரூம்ல சத்தம் இல்லாத டப்பாங்கிறது எம்புட்டுப் பெரிய நிம்மதின்னு ரெண்டு நாள் ஸ்டீல் டப்பா வச்சுப் பாத்தவுகளுக்குத் தெரியும். மழைக்காலத்துல பூஞ்சை புடிக்கும், வெயில்ல வச்சு எடுத்தாச் சரி.

களிமண்ணும் ஒரு பானை நிறைய எடுத்து ஈரத்துணி போட்டு மூடி வைங்க. கண்மாய்க் களிமண்ணே போதும், கல்லு பொறுக்கிட்டுப் பிசையணும். பென்சில் பிடிக்கத் திணறுற விரலு ஒரு மாசம் களிமண்ணைப் பிசைஞ்சா தானா வழிக்கு வரும். 'ட'வையும் 'ப'வையும் களிமண் திரியில வளைச்சுப் பழகுன பிள்ளை நோட்டுல எழுதத் தடுமாறாது.

மே 26

பெஞ்ச் வேணாம்னு நான் சொல்றதா ஒருத்தர் எடுத்துக்கிட்டாக. அப்படி இல்ல, யோசிச்சுத்தான் சொல்லணும். ஒண்ணு ரெண்டுக்குத் தரைதான் நல்லது, நகர்ந்து வட்டமா, குழுவா மாறிக்கலாம், நம்மளும் கூட உக்காரலாம். ஆனா ஈரம் ஊறுற சிமெண்டுத் தரையா இருந்தா ஐப்பசி கார்த்திகையில பாய் மட்டும் பத்தாது, அப்ப குட்டை மேசையோ பலகையோ வேணும். கால்ல குறை இருக்கிற பிள்ளைக்கு கட்டாயம் நாற்காலி வேணும், அதை வாசலுக்குப் பக்கத்துல போடுங்க, வாசப்படிக்கு சாய்தளம் இருக்கான்னு பாருங்க.

ஆத்தங்குடிக் கல் (கையால செய்யிற பூப்போட்ட தரை ஓடு) போட்ட தரை உள்ள ஸ்கூலா இருந்தா குடுத்து வச்சவுக. வெயிலுக்குச் சில்லுன்னு இருக்கும். எனக்கு அந்தப் பழைய கட்டடத்துல அந்தத் தரைதான் பாதிப் பாடம் நடத்துச்சு. ஒருத்தருக்கு நாலு கல்லுன்னு சொல்லிட்டா இடச்சண்டையே வராது. நாலு கல்லு சேந்தா ஒரு பூ, ஒரு கல்லுல கால் பூ. 'கால், அரை, முக்கால்'னு நான் கத்த வேண்டியதில்ல, பிள்ளை தரையைக் கையால மூடி மூடிப் பாத்துச் சொல்லும். ஓரத்துல வர்ற கொடியில எது திரும்ப வருதுன்னு கண்டுபிடிக்கிறது அமைப்புகள் பாடம். ஒரே எச்சரிக்கை, தண்ணி சிந்துனா வழுக்கும், தண்ணிக் குடத்தை வாசல் பக்கம் சாக்கு மேல வைங்க.

மே 29

கத்திரி நேத்தோட முடிஞ்சுது, வெக்கை முடியல.

ஒண்ணும் ரெண்டும் சேர்ந்த வகுப்பை எப்படிப் பிரிக்கிறதுன்னு தனியாக் கேட்டிருந்த. நம்ம கிராமத்துப் பள்ளிக்கூடம் முக்காவாசி ஈராசிரியர் பள்ளிதான், கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர், அப்ப ஒரு ரூம்ல ரெண்டு மூணு வகுப்பு இருக்கத்தான் செய்யும். வகுப்பு வாரியா ரூமை ரெண்டாப் பிரிக்காத. சின்ன வகுப்புகளுக்கு அரசு கொண்டு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து (2022 ஜூன்ல ஆரம்பிச்சுது) அரும்பு, மொட்டு, மலர்னு நிலை வச்சுத்தானே போறோம், ரெண்டாம் வகுப்புல அரும்பு இருக்கும், ஒண்ணாம் வகுப்புல ஆறு மாசத்துல மொட்டுக்கு வந்த பிள்ளை இருக்கும். அதனால எடத்தை வேலைக்குத் தகுந்த மாதிரி பிரி. கதை சொல்ற எடம் ஒண்ணு, நல்ல காத்தோட்டமா. படிக்கிற மூலை ஒண்ணு, புத்தகம் முதுகு தெரிய அடுக்காம அட்டைப் படம் தெரிய கயித்துல தொங்கட்டும். செய்யிற எடம் ஒண்ணு, களிமண்ணும் கொட்டானும் அங்க. நம்ம உக்கார்ற எடம் மூணும் கண்ணுல படுற மாதிரி. மேசையை நடுவுல போட்டு அதுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டா ஒண்ணும் தெரியாது, மேசையை ஓரங்கட்டிரு.

காசு பத்தி: உன் சம்பளத்துல இருந்து எடுக்கிறதுக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர்கிட்ட பள்ளி மானியம் பத்திக் கேளு. சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளை வரைக்கும் வருஷத்துக்கு 10,000, அதுக்கு மேல 100 வரைக்கும் 25,000. அதுல பத்துல ஒரு பங்காவது சுத்தம், தண்ணி, கக்கூஸ் வேலைக்குன்னு ஒதுக்கணும். தாப்பா, பக்கெட்டு எல்லாம் அதுல வாங்கலாம். மேலாண்மைக் குழுத் தீர்மானம் போட்டு வாங்குனா பின்னாடி ஆடிட்டுல கேள்வி வராது. நம்ம ஊர்ப் பள்ளியில படிச்சு வெளியூர்ல, சிங்கப்பூர் மலேசியாவுல இருக்கிறவுக ஊருக்கு வந்தா கேக்கத் தயங்காதீங்க, ஆனா குறிப்பாக் கேளுங்க. "ஏதாச்சும் செய்ங்க"ன்னா பீரோ வரும். "கீழ் மட்டப் போர்டு மூணு சுவருக்கு"ன்னா அது வரும்.

மே 31

அவசரமா ரெண்டு விஷயம்.

காலை உணவு. 2022 செப்டம்பர் 15 மதுரையில ஆரம்பிச்ச திட்டம் 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு, கிராமத்து நிதியுதவிப் பள்ளிக்கு 2024 ஜூலை 15ல இருந்து. பிள்ளைக எட்டரைக்கு முன்னாடியே வந்துரும், அப்ப ரூமைப் பூட்டி வச்சிருந்தா வெளியில வெயில்ல நிக்கும். சாவி யார்கிட்ட இருக்கும்னு இப்பவே பேசி வைங்க. கை கழுவுற குழாய்க்கிட்ட ரெண்டு கல்லைப் போட்டு மேடாக்குங்க, சேத்துக் காலோட ரூமுக்குள்ள வராது.

தோரணம். பலூன் வேணாம், வெடிச்சா ஒரு பிள்ளை அழுகும், ஒண்ணு அழுதா எல்லாம் அழுகும். குருத்தோலையும் மாவிலையும் கட்டுங்க. வாசல்ல பெரிசா ஒரு கோலம். பெரிய வகுப்புப் பிள்ளைகளை விட்டுப் போடச் சொன்னா அதுக புதுப் பிள்ளைகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும்.

ஜூன் 2, ராத்திரி

கால் வலி. ரொம்ப எழுத முடியல. புத்தகம், நோட்டு எல்லாம் முதல் நாளே குடுத்தாச்சு, புதுப் புத்தக வாசத்தை மோந்து மோந்து பாத்துக்கிட்டே இருந்துச்சுக. ஒரு பையன் மட்டும் அம்மா சேலையை விடல. அந்தம்மாவை வாசப்படியில உக்காரச் சொல்லிட்டேன், பையன் வாசலுக்கும் தன் கட்டத்துக்குமா போய்ப் போய் வந்தான். பதினொரு மணிக்கு "நீ போ, எனக்கு வேலை இருக்கு"ன்னுட்டான். அம்மாவை வெரட்டுற ஸ்கூலு நிறைய இருக்கு, முதல் வாரம் வெரட்டாதீங்க.

தங்கச்சி, உன் ரூம் போட்டோ பாத்தேன். கறுப்புச் சுவத்துல எல்லாரும் சேந்து சாக்பீஸைப் பொடியாக்கியிருக்காக. நல்லா இருக்கு. சாக்பீஸ் தூசிக்கு ஈரத்துணி டஸ்டர் வை, மூச்சுத் தொந்தரவு இருக்கிற பிள்ளையைப் போர்டுக்குக் கீழ உக்கார வைக்காத.

ஜூன் 5

"லிஸ்ட்டுல இருக்கிற பிள்ளைக்கெல்லாம் கட்டம் போட்டுட்டேன், நேத்து புதுசா ஒண்ணு சேந்துச்சு, எடமில்ல"ன்னு எழுதியிருக்க. நம்ம பக்கம் சேர்க்கை ஜூன் முழுக்க வந்துக்கிட்டேதான் இருக்கும், திருவிழாவுக்கு ஊருக்குப் போனவுக, கட்டட வேலைக்கு வடக்க இருந்து வந்தவுக பிள்ளைக எல்லாம் ஜூலையில கூட வரும். எனக்கு இந்த வாரம் வந்த பையனுக்கு இந்தி மட்டும்தான் தெரியும், பேரை அவங்க அப்பாவைக் கேட்டு தமிழ்ல எழுதி ஒட்டுனேன், தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டான்.

இப்ப என்ன பண்ணுனா, நீ கதவுக்குப் பக்கத்துல விட்டிருக்கிற சின்னச் சுவத்துக்கும் அதே பெயிண்ட்டை அடிச்சு நாலு கட்டம் கோடு போட்டு பேரில்லாம வை. பேர் அட்டை, பை மாட்டுற ஆணி, சிலேட்டு இதெல்லாமும் நாலு உபரி. பெயிண்ட் மிச்சம் இருந்தா டப்பா மூடியை நல்லா இறுக்கித் தலைகீழா வை, காஞ்சு போகாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிச்சா திங்கக்கிழமை எழுதலாம்.